மெமோ எழுத உட்கார்ந்தேன்!

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களைப் பிடித்துக் கொள்கிறோம்! "பார்த்துக்கோன்னு சொன்னேனே, எங்கேடீ போனே?" என்று மகளுக்கு ஓர் அர்ச்சனை. அது முடிந்த பிறகுதான் அடுப்பைத் துடைக்கத் துணி தேடுகிறோம். துணி வைத்த இடத்தில் இருக்காது. அதற்கு இன்னோர் அர்ச்சனை.

ஆபீஸிலும் இதே கதைதான். 1984-ல் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் திருச்சிக் கிளையில் சேர்ந்து, 2020-ல் ஓய்வு பெற்றவள் நான். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கடைசி ஒன்பது வருஷம் சூப்பர்வைஸர். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள்! மேலே மானேஜர் திட்டுவார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். கவுண்ட்டருக்கு வெளியே நிற்பவர்கள் கத்துவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. எனக்கு மூன்று பக்கம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, மாலையில் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து குக்கர் வைக்க வேண்டும்.

நான் சொல்லப்போவது 2018-ல் நடந்தது. ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பணம் கட்டும் கவுண்ட்டரில் ஓர் இளம் பெண் இருந்தாள். லால்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கெட்டிக்காரி. மாலைக் கணக்கில் ஒரு ரூபாய் இடிக்காது. பிரசவ லீவில் போனவள் திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து தப்போ தப்பு! 5,400 ரூபாய்க்கு 4,500 என்று ரசீது. ஒருவர் கட்டிய தவணை இன்னொருவர் கணக்கில். ஒரு நாள் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ரசீதை ஆட்டிக்கொண்டு, "இது என் பேரே இல்லையேம்மா!" என்று கூட்டத்துக்கு நடுவில் சத்தம் போட்டார்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், இது சரிப்படாது. மெமோ கொடுங்க. எந்தெந்த ரசீது தப்புன்னு லிஸ்ட் போட்டு வைங்க."

மெமோ என்றால் அது அவளுடைய ஃபைலில் போய் உட்காரும். அந்த வருஷ இன்கிரிமென்ட் நிற்கும். இன்னும் ஒன்றிரண்டு சேர்ந்தால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். கைக்குழந்தைக்காரி எங்கே போவாள்? வேலையைத்தான் விடுவாள்.

எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. அவளுடைய தப்பைத் திருத்த நான் தினமும் முக்கால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தேன். என் பஸ் போய்விடும். இவர் வீட்டில், "என்ன, இன்னிக்கும் லேட்டா?" என்பார். அந்தக் கோபமெல்லாம் அவள் மேல்தான்.

அன்று ராத்திரி சாப்பாடெல்லாம் ஆன பிறகு, ரசீது நகல்களை மேஜையில் பரப்பிக்கொண்டு மெமோ எழுத உட்கார்ந்தேன். எங்கள் ரசீதில் தேதியோடு மணியும் அச்சாகும். முறையாக இருக்கட்டுமே என்று மணியையும் சேர்த்து எழுதினேன். 11.40. 12.10. 12.25. 4.15. 11.50. 12.40. 4.30...

ஒன்பது தப்பு. காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை ஒன்றுகூட இல்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து நாலு மணி வரையிலும் இல்லை. கவனம் இல்லாதவள் என்றால் நாள் முழுக்க அல்லவா தப்பு வர வேண்டும்? இது என்ன மணி பார்த்து வருகிற தப்பு?

பேனாவை மூடி வைத்தேன். அவள் வீட்டை விட்டுக் கிளம்புவது ஏழே முக்காலுக்கு. அதற்கு முன்னால் குழந்தைக்குப் பால் கொடுத்திருப்பாள். பதினொன்றரை ஆனால் நாலு மணி நேரம்... எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? நானும் பெற்றவள்தானே!

1988-ல் என் மகள் பிறந்தபோது எங்களுக்குப் பிரசவ லீவு மொத்தமே பன்னிரண்டு வாரம். குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். மத்தியானம் ஆவதற்குள் நெஞ்சு கல்லாகக் கனத்துவிடும். ரவிக்கை நனைந்துவிடும். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பேன். அப்போதிருந்த அதிகாரி ஒரு நாள், "ஏம்மா, உடம்பு இங்கே, மனசு தொட்டில்லயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

நாலாம் மாதம் பால் வற்றிப் போயிற்று. புட்டிப்பால் ஆரம்பித்தோம். புட்டியைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லையோ என்னவோ, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி டிரிப்ஸ் ஏற்றினார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தியிருந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும். அவ்வளவும் பட்ட நான்தான், முப்பது வருஷம் கழித்து இன்னொருத்திக்கு மெமோ எழுத உட்கார்ந்திருந்தேன்!

மறுநாள் காலை, ஏதோ பழைய ரிஜிஸ்தர் எடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி, அவளை ரிக்கார்டு ரூமுக்கு அழைத்துப் போனேன். "ஏம்மா, பால் கட்டிக்குதா?" என்றேன். அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"ஆமாம் மேடம். பதினொன்றரைக்கு மேல வலி தாங்க முடியல. சீட்டை விட்டு எழுந்தா க்யூவில இருக்கறவங்க கத்தறாங்க. சாப்பாட்டு டயத்துல பாத்ரூம் போய்ப் பீய்ச்சி விட்டுட்டு வரேன். அங்கே தாழ்ப்பாள் வேற சரியில்ல. ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கணும்."

கொஞ்சம் நிதானித்துவிட்டு, "வீட்ல குழந்தைக்குப் பசும்பால் கரைச்சுக் கொடுக்கறாங்க மேடம். நான் இங்கே தாய்ப்பாலைக் கொட்டிட்டிருக்கேன்" என்றாள்.

குழந்தைக்கு நாலரை மாதம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 2017-ல் சட்டத்தைத் திருத்திப் பிரசவ லீவை 26 வாரமாக ஆக்கினார்கள். ஆனால் இவளுக்கு ரத்த அழுத்தம் அதிகமாகி, பிரசவத்துக்கு ஏழு வாரம் முன்பே லீவு எடுக்கும்படி ஆகிவிட்டது. மீதிதானே பிறகு கிடைக்கும்?

அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மாளுக்குப் போன் செய்தேன். "இது புதுசே இல்லையே! 1961-ல வந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருக்கு. குழந்தைக்குப் பதினைந்து மாசம் ஆகிற வரைக்கும் வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்கிறதுக்குன்னு தினம் இரண்டு இடைவேளை தரணும்" என்றார். (2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. இளம் தாய்மார்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.)

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்படியானால் 1988-லேயே அந்தச் சட்டம் இருந்திருக்கிறது! யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மானேஜரிடம் போனேன். கோபமாகப் போனால் காரியம் கெடும் என்று எனக்குத் தெரியும். லிஸ்டை அவர் முன்னால் வைத்து, "ஸார், மெமோ ரெடி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இந்த மணியை மட்டும் பாருங்க" என்றேன். பார்த்தார். புரியவில்லை. சொன்னேன். மனிதருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேனாவைத் திருகிக்கொண்டே, "அதுக்கு நாம என்ன மேடம் பண்றது? இடமே இல்லையே" என்றார்.

வாஸ்தவம்தான். ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னது. நாங்களோ பதினான்கே பேர். இருந்தது ஒரு ஹால், மானேஜர் அறை, ரிக்கார்டு ரூம், தாழ்ப்பாள் சரியில்லாத அந்தப் பாத்ரூம், அவ்வளவுதான். "இரண்டு இடைவேளை சட்டத்திலேயே இருக்கு ஸார். இடத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன். "செய்யுங்க. ஆனா கவுண்ட்டர் நிற்கக் கூடாது" என்றார்.

இடத்தைக் கண்டுபிடித்தது நானில்லை. எங்கள் அட்டெண்டர் பெரியவர். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல நான் தயங்கினேன். அவரோ, "நமக்கும் பேத்தி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, ரிக்கார்டு ரூமில் சுவரோரமாக இருந்த இரும்பு அலமாரிகளில் ஒன்றை இழுத்துக் குறுக்கே திருப்பி வைத்தார். ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலியும் ஸ்டூலும் போடுகிற அளவுக்கு மூலை ஒன்று பிறந்தது! உள்பக்கம் தாழ்ப்பாள் அடித்தது அவர். திரைக்கு என் பழைய சுங்கடிப் புடவை. மானேஜர் அறையில் முக்கியமான வாடிக்கையாளர்களுக்கு ஸோடா வைக்கிற சின்ன பிரிட்ஜ் ஒன்று இருந்தது. "அதை அங்கேயே தூக்கி வச்சுடுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். திட்டுகிற மனிதர் எல்லாம் கெட்டவர் இல்லை. சில பேருக்கு விஷயம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனி, அவள் போகிற நேரத்தில் கவுண்ட்டரில் யார் உட்காருவது?

இங்கேதான் சிக்கல். என்னைவிட இரண்டு வயது இளைய சீனியர் ஒருத்தி, "எங்களுக்கும்தான் பிள்ளைங்க பிறந்துச்சு. நாங்க ரூம் கேட்டோமா, பிரிட்ஜ் கேட்டோமா?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அவளும் என்னைப் போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். நாம் பட்டதை இன்னொருத்தி படாமல் தப்பிக்கிறாள் என்றால், எங்கோ ஒரு மூலையில் வலிக்கத்தான் செய்கிறது. எனக்கு வலிக்கவில்லையா?

அவளோடு வாதாடவில்லை. "நீ உட்கார வேண்டாம்மா. நானே உட்காரறேன்" என்று சொல்லிவிட்டேன்.

காலை பதினொன்றேகாலுக்கு ஒரு இருபது நிமிஷம், மூன்றே முக்காலுக்கு ஒரு இருபது நிமிஷம். சூப்பர்வைஸர் ஆன பிறகு கவுண்ட்டரில் நான் உட்காரவே இல்லை. முதல் நாளே தெரிந்துவிட்டது, அங்கே உட்காருவது எத்தனை பெரிய தண்டனை என்று! ரசீது அச்சாகிற மெஷின் முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு ரசீதுக்கும் எழுந்து, திரும்பி, கிழித்து, மறுபடி உட்கார வேண்டும். அந்த இருபது நிமிஷத்தில் பதினாறு தடவை எழுந்தேன். நாள் முழுக்க என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! வருகிறவர்களில் பாதிப் பேர் பாஸ்புக்கை மறந்துவிட்டு வருகிறார்கள். முறை வந்த பிறகுதான் அது தெரிகிறது. மீதிப் பேர் பேனா கேட்கிறார்கள். இத்தனையும் நடக்கிற இடத்தை நான் பத்தடி தூரத்தில் என் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டு, "ஏன் லேட்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எப்போதோ படித்த ஓர் அம்மாளின் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்று ஓர் என்ஜினீயர்; பன்னிரண்டு குழந்தைகளுக்குத் தாய்! அவருடைய கணவர் ஃபிராங்க், கொத்தனார் ஒரு செங்கல்லை எடுத்து வைக்க எத்தனை அசைவு செய்கிறார் என்று எண்ணிப் பார்த்தவர். செங்கல்லைத் தரையில் குவிக்காமல் இடுப்பு உயரத்துக்குச் சாரத்தில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டாமே என்று, பதினெட்டு அசைவை ஐந்துக்கும் குறைவாக ஆக்கினார். கணவனும் மனைவியுமாகவே இந்த ஆராய்ச்சியைச் செய்துவந்தார்கள். 1924-ல் அவர் திடீரென்று காலமாகிவிட்டார். பெண்ணை நம்பித் தொழிற்சாலை வேலையைத் தரப் பல கம்பெனிகள் தயங்கின. அந்த அம்மாள் அசரவில்லை. அதே முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி, ஒரு பலகாரம் செய்ய எத்தனை நடை என்று எண்ணினார். காலால் மிதித்துத் திறக்கிற குப்பைத் தொட்டியும், பிரிட்ஜ் கதவின் உள்பக்கத் தட்டுகளும் அவருடைய யோசனை என்றுதான் சொல்கிறார்கள். ஆளை விரட்டாதே, பொருளை நகர்த்து என்பதுதான் அவர் செய்ததன் சாரம்.

பெரியவரும் நானும் ஒரு சனிக்கிழமை மெஷினை நகர்த்தினோம். வலது கைப்பக்கம், உட்கார்ந்தபடியே எட்டுகிற மாதிரி. செலவு, ஒரு நீளமான ஒயர். இரண்டு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். க்யூ ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு அட்டை: "பாஸ்புக் இருக்கிறதா? எண் எழுதிவிட்டீர்களா? பணத்தை எண்ணி வைத்துவிட்டீர்களா?" அதற்கு முதலில் எழுதிப் பார்த்தது எதில் தெரியுமா? அந்த மெமோ தாளின் பின்பக்கத்தில்!

ஒரு வாரத்தில் க்யூ பாதியாகக் குறைந்தது. இரண்டாவது கவுண்ட்டரில் இருந்தவள் அந்தச் சீனியர்தான். "மேடம், என் மெஷினையும் இந்தப் பக்கம் வச்சுக் கொடுங்களேன். சாயங்காலம் ஆனா இடுப்பு விட்டுப்போகுது" என்றாள். வைத்துக் கொடுத்தோம். அதற்கடுத்த வாரம் நான் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. "நீங்க போங்க, அவ சீட்டை நான் பார்த்துக்கறேன்" என்றாள், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

தப்பு நின்றதா? அந்த மாதம் ஒன்று. அதுவும் என்னுடையது!

வீட்டில் இன்னொரு சின்னக் கலாட்டா நடந்தது. முதல் நாள் கொண்டுபோன பாலை அவள் மாமியார் பார்த்துவிட்டு, "மேலே ஆடை பிரிஞ்சு நிக்குது, திரிஞ்சு போச்சு" என்று கொட்டப் போனாராம். தாய்ப்பாலை வைத்திருந்தால் கொழுப்பு மேலே பிரிந்து நிற்கும். லேசாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. டாக்டர் அம்மாளிடம் கேட்டுத் தெளிந்த பிறகு, அந்த மாமியாரே பாலாடையில் ஊற்றிப் பேரனுக்குப் புகட்ட ஆரம்பித்தார்.

வேலைக்குப் போகிற இளம் தாய்மார்களுக்காக, அன்று நாங்கள் கேட்டறிந்ததை இங்கே தருகிறேன்:

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கொதிக்க வைத்து எடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைக்க வேண்டும். தேதி, மணி எழுதி ஒட்டுவது நல்லது.

இருபத்தைந்து டிகிரிக்கு மேற்படாத அறையில் நாலு மணி நேரம் வரை இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதை நம்ப வேண்டாம். உடனே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே நாலு நாள் வரை இருக்கும். உள்பக்கமாக வைக்க வேண்டும். கில்பிரெத் அம்மாளின் கதவுத் தட்டு இதற்கு மட்டும் ஆகாது. திறந்து மூடும்போது சூடு ஏறும்.

வீட்டுக்குக் கொண்டுபோக, வாயகன்ற பிளாஸ்க்கில் சுற்றிலும் ஐஸ்கட்டி வைத்து நடுவில் பாத்திரத்தை வைக்கலாம்.

அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்து எடுத்தால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

மார்பு சிவந்து வலித்து ஜுரமும் வந்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல கொழுகொழுவென்று இருந்தான். சீனியர்தான் முதலில் வாங்கிக்கொண்டாள். கவுண்ட்டருக்குள் மடியில் வைத்துக்கொண்டு ரசீது போட்டாள். அவன் அந்த நூலில் கட்டிய பேனாவைப் பிடித்து இழுத்தான். "அடுத்தாப்ல நம்ம அக்கவுண்ட்ஸ் பொண்ணுக்கு ஏழு மாசம். புடவையெல்லாம் வேண்டாம் மேடம், ஒரு நல்ல திரைத்துணியா வாங்கிப் போட்டுடலாம்" என்றாள்.

வீட்டிலும் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். பேரன் காலையில் தினமும் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறான் என்று மகள் கத்திக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். பாட்டில் இருந்தது அவன் கைக்கு எட்டாத மேல் தட்டில். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டச் சொன்னேன். இப்போது மறப்பதில்லை.

ஆனால் போன வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள்!